பொய் அறிக்கையும் பாம்பன் பாலமும்

தம்பி, உங்கள் கேள்வியையும் நீங்கள் இணைத்திருந்த முதல் இரண்டு அத்தியாயங்களையும் வாசித்தேன். மற்றவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கதை 1986-ல் ராமநாதபுரம் மாவட்டத்தில் மண்டபம் என்ற கடலோர ஊரில் நடக்கிறது. தட்டச்சு நிலையம் நடத்தும் ஒரு பெண். அங்கே இருக்கும் இலங்கை அகதி முகாமில் இருந்து சிறுகதைகளைக் கையால் எழுதி எடுத்துக்கொண்டு வரும் ஓர் இளைஞன். அவள் அவனுடைய கதைகளைத் தட்டச்சு செய்து கொடுத்துக்கொண்டே அவனைப் பற்றி உளவுத்துறைக்கு அறிக்கை அனுப்புகிறாள். போகப்போக அவன்மேல் அன்பு வந்துவிட, அவனைக் காப்பாற்றுவதற்காக அறிக்கையில் கற்பனையைக் கலக்க ஆரம்பிக்கிறாள். நாம் வாசித்த அறிக்கைகளில் பாதிக்கு மேல் அவள் இட்டுக்கட்டியவை என்பது கடைசி அத்தியாயத்தில்தான் தெரிகிறது. பிரதியை வாசித்த மூன்று பேரில் இரண்டு பேர் "ஏமாத்திட்டீங்க" என்று கோபப்பட்டிருக்கிறார்கள். உளவு வேலையின் விவரங்களில் எங்கே தப்பு செய்தேன் என்று கேட்டிருக்கிறீர்கள்.

நீங்கள் உண்மையில் கேட்பது உளவு வேலையைப் பற்றி இல்லை என்று நினைக்கிறேன். வாசகரிடம் ஒரு பொய்யைச் சொல்லிவிட்டு, அது பொய் என்று தெரிந்த பிறகும் அவர் நம் பக்கத்திலேயே இருக்கும்படி எப்படிச் செய்வது என்பதுதான் கேள்வி. அதற்கு என்னால் ஓரளவு பதில் சொல்ல முடியும். இந்த மாவட்டத்துக் கல்லூரியில் 27 வருடம் தமிழ் இலக்கியம் நடத்தினேன், ஓய்வுக்குப் பிறகு நண்பர்களின் நாவல் பிரதிகளை வாசித்துக் குறிப்பு எழுதிக் கொடுக்கிறேன். உளவுத்துறையில் நான் இருந்ததில்லை. அறிக்கையின் மேலே என்ன எண் போடுவார்கள், யார் வழியாக மேலே போகும் என்பதையெல்லாம் என்னிடம் கேட்டுப் பயனில்லை. அந்த இடங்களை நாவலில் விவரிக்காமல் விட்டாலும் குறை ஒன்றும் வராது.

அந்த இரண்டு பேரின் கோபத்துக்கு வருகிறேன். பொய் சொன்னதற்காக யாரும் நாவல்மேல் கோபப்படுவதில்லை, நாவலே பொய் என்று தெரிந்துதான் கையில் எடுக்கிறோம். அந்தப் பொய்யைக் கண்டுபிடிக்க ஒரு வாய்ப்புகூட இல்லாமல் போனதுதான் கோபம். கடைசி அத்தியாயம் முடிந்ததும் வாசகர் பின்னால் திரும்பிப் போய், "அட, இங்கேயே சொல்லியிருக்கிறாரே, நான்தான் கவனிக்கவில்லை" என்று ஒரு வரியைத் தொட்டுக் காட்ட முடிந்தால் ஏமாந்ததே அவருக்கு ஒரு மகிழ்ச்சியாகிவிடும். அப்படி ஒரு வரி இல்லையென்றால் அவரை வெளியே நிறுத்திவிட்டு உள்ளே நீங்கள் மட்டும் விளையாடியிருக்கிறீர்கள் என்று ஆகிவிடும். இதில் எனக்குச் சந்தேகமே இல்லை, எத்தனையோ பிரதிகளில் பார்த்த விஷயம்.

உங்கள் கதாநாயகியின் வேலையை நிஜமாகவே செய்த ஒருவர் இருந்தார். பார்சிலோனாவில் பிறந்த ஹுவான் புஹோல் கார்ஸியா என்பவர். இரண்டாம் உலகப்போர் சமயத்தில் ஹிட்லருக்கு எதிராக ஏதாவது செய்ய வேண்டும் என்று பிரிட்டிஷ்காரர்களிடம் போய்க் கேட்டார், அவர்கள் சேர்த்துக்கொள்ளவில்லை. அதனால் ஜெர்மானியர்களிடமே போய் உளவாளியாகச் சேர்ந்தார். அவர்கள் இங்கிலாந்துக்குப் போ என்று அனுப்ப, இவர் போர்ச்சுகலில் லிஸ்பனில் உட்கார்ந்துகொண்டு இங்கிலாந்தில் இருப்பதாக அறிக்கை எழுதினார். கையில் இருந்தது ஒரு சுற்றுலாக் கையேடு, ரயில் கால அட்டவணை, திரையரங்கில் காட்டும் செய்திப் படங்கள், அவ்வளவுதான். 1942-ல் பிரிட்டிஷ் உளவுத்துறை அவரை லண்டனுக்குக் கூட்டிக்கொண்டு வந்தது, பிறகு அவருடைய கற்பனைக் குடும்பம் வளர்ந்துகொண்டே போனது. கடைசியில் 27 உளவாளிகள் அவருக்குக் கீழே வேலை செய்தார்கள், ஒருவர்கூட நிஜமில்லை. லிவர்பூலில் இருந்த கற்பனை ஆள் ஒருவன் சொல்லியே ஆக வேண்டிய ஒரு செய்தியைச் சொல்லாமல் விட நேர்ந்தபோது, அவன் நோயில் விழுந்து இறந்துவிட்டான் என்று எழுதினார்கள், உள்ளூர்ப் பத்திரிகையில் இரங்கல் அறிவிப்பும் போட்டார்கள். இல்லாத அந்த மனிதனின் இல்லாத மனைவிக்கு ஜெர்மானியர்கள் ஓய்வூதியம் கொடுத்தார்கள்! 1944-ல் பிரான்ஸின் நார்மண்டிக் கடற்கரையில் நேசநாட்டுப் படை இறங்கிய பிறகும், பெரிய தாக்குதல் வடக்கே கலே பக்கம்தான் வரப்போகிறது என்று ஜெர்மானியர்களை நம்பவைத்ததில் இந்த மனிதருக்குப் பெரிய பங்கு உண்டு. இரண்டு பக்கமும் அவருக்குப் பதக்கம் கொடுத்தது.

இவ்வளவு நீளமாகச் சொல்வதற்குக் காரணம், லிஸ்பனில் இருந்தபோது அவர் செய்த ஒரு தப்பு. கிளாஸ்கோ நகரத்துக்காரர்கள் ஒரு லிட்டர் திராட்சை மதுவுக்காக எதையும் செய்வார்கள் என்று எழுதிவிட்டார். ஸ்பெயின்காரருக்குத் தெரிந்தது திராட்சை மது. ஸ்காட்லாந்தில் ஒரு நாள் இருந்தவருக்குக்கூட அங்கே பேச்சு பீரும் விஸ்கியும்தான் என்று தெரிந்திருக்கும், லிட்டர் கணக்கும் அப்போது அங்கே கிடையாது. வாசித்த ஜெர்மானிய அதிகாரிகளுக்கு அது உறைக்கவில்லை, ஏனென்றால் அவர்களுக்கும் அந்த ஊர் தெரியாது. பொய்யின் விரிசல் ஊர்க்காரனுக்கு மட்டும்தான் தெரியும், அதை இந்த இடத்தில் பார்க்கலாம். கம்பனில் ஒற்றுக் கேள்விப் படலத்தை நினைத்துப் பாருங்கள். சேதுவைக் கட்டி இந்தக் கரையிலிருந்து அக்கரை போன சேனைக்குள் இராவணனின் ஒற்றர்கள் குரங்கு உருவில் நுழைகிறார்கள். அத்தனை குரங்குகளுக்கு நடுவே அவர்களை இன்னார் என்று சொல்பவன் வீடணன், அவர்களுடைய ஊர்க்காரன்.

இப்போது உங்கள் இரண்டாம் அத்தியாயத்துக்கு வருவோம். அவளுடைய நான்காவது அறிக்கையில் "மண்டபத்தில் பேருந்து ஏறி மாலை ஆறு மணிக்கு ராமேஸ்வரம் போய் இறங்கினார்" என்று ஒரு வரி இருக்கிறது. கதை நடப்பது 1986-ல். பாம்பன் சாலைப் பாலம் திறந்தது 1988 அக்டோபர் 2-ஆம் தேதி. அதற்கு முன்னால் மண்டபத்திலிருந்து ராமேஸ்வரம் தீவுக்குப் போக ரயில்தான், 1914-ல் திறந்த அந்தப் பழைய பாலத்தின் மேலே. மண்டபத்தில் பேருந்து ஏறியவன் ராமேஸ்வரத்தில் இறங்க வழியே கிடையாது. நீங்கள் இளவயதுக்காரர், பாலம் எப்போதும் இருந்தது போலத்தான் உங்களுக்குத் தோன்றும், அதனால் இது தெரியாமல் விழுந்த பிழையாகத்தான் இருக்க வேண்டும். என் கோரிக்கை என்னவென்றால், தயவு செய்து அதைத் திருத்தாதீர்கள். நீங்கள் தேடிக்கொண்டிருக்கும் அந்த ஒரு வரி அதுதான். கிளாஸ்கோவின் திராட்சை மது உங்களுக்குத் தானாகவே வந்து வாய்த்திருக்கிறது.

ஆனால் அதை அவளுடைய பிழையாக மாற்றினால் போதாது, அவள் தெரிந்தே எழுதியதாக மாற்ற வேண்டும். மண்டபத்திலேயே பிறந்து வளர்ந்தவளுக்குப் பேருந்து கடல் தாண்டாது என்று தெரியாமல் இருக்குமா? அவள் முதல் பொய் அறிக்கையை எழுதும்போது வேண்டுமென்றே நடக்க முடியாத ஒன்றை உள்ளே வைக்கிறாள். பிற்காலத்தில் யாராவது இந்தக் கோப்பைத் திறந்து அவன்மேல் குற்றம் சுமத்தினால், இது நடந்திருக்கவே முடியாது என்று எவனோ ஓர் ஊர்க்காரன் சொல்ல வேண்டும் என்பதற்காக. அப்போது அந்த வரி ஒரு பொய்யாக மட்டும் இருக்காது, அவனுக்காக அவள் எழுதி வைத்த சாட்சியாகிவிடும். இதேபோல் இன்னும் இரண்டு மூன்று இடங்களில் வைக்கலாம். கடலில் இருந்தே எடுங்கள். வடகிழக்குக் காற்று வீசும் வாடைக்காலத்தில் தீவுக்கு வடக்கே இருக்கும் வடகடல் கொந்தளிக்கும், தெற்கே இருக்கும் தென்கடல் அடங்கிக் கிடக்கும். கச்சான் என்ற தென்மேற்குக் காற்று வீசும் மாதங்களில் அப்படியே தலைகீழாக மாறும். கார்த்திகை மாதத்து இரவில் வடகடல் குளம்போல் கிடக்க ஒரு வள்ளம் அலுங்காமல் கரையேறியது என்று அவள் எழுதினால், தங்கச்சிமடத்திலோ தொண்டியிலோ இருக்கும் வாசகர் அந்த இடத்திலேயே புருவத்தைத் தூக்குவார். சென்னை வாசகர் கடந்து போய்விடுவார், ஆனால் கடைசியில் திரும்பிப் பார்க்கும்போது அவருக்கும் அந்த வரி அங்கேயே இருக்கும். மூன்றுக்கு மேல் வேண்டாம் என்பது என் கணிப்பு. அதிகமானால் உங்களுக்கே விவரம் தெரியவில்லை என்று நினைத்துவிடுவார்கள்.

இங்கே ஒரு சிக்கல் வரும், அதை நீங்கள் தவிர்க்காமல் எதிர்கொள்ள வேண்டும். உங்கள் கதையில் அறிக்கை நேராகச் சென்னைக்குப் போகவில்லை, நடுவில் உள்ளூர் அதிகாரி ஒருவர் இருக்கிறார், அவருக்கும் பாலம் இல்லை என்று தெரியும். திருக்குறளின் 59-ஆம் அதிகாரமான ஒற்றாடலில் வள்ளுவர் இதைத்தான் யோசித்திருக்கிறார். ஓர் ஒற்றன் கொண்டுவந்த செய்தியை இன்னோர் ஒற்றனை வைத்துச் சரிபார் என்கிறார், ஒருவரை ஒருவர் அறியாத மூன்று பேர் சொல்வது ஒத்துப்போனால்தான் நம்பு என்கிறார். அப்படியானால் அந்த உள்ளூர் அதிகாரி பேருந்து என்ற சொல்லை வாசித்துவிட்டு என்ன செய்தார்? கவனிக்காமல் விட்டாரா, கவனித்தும் கையெழுத்துப் போட்டு மேலே அனுப்பினாரா? இரண்டாவது என்றால் ஏன்? உங்கள் நாவலில் இப்போதைக்கு அவர் ஒரு ஜீப்பும் மீசையுமாக மட்டும் இருக்கிறார். இந்த ஒரு கேள்வியைக் கேட்டுவிட்டால் அவர் மனிதனாகிவிடுவார். அவளும் அவரும் நேருக்கு நேர் ஒரு வார்த்தை பேசாமலேயே ஒரே பொய்யைச் சேர்ந்து சுமப்பதாக ஆகும், அதை எழுதிப் பாருங்கள்.

அடுத்தது காதல். அந்த இரண்டு பேரின் கோபத்தில் பாதி இங்கேதான் இருக்கிறது என்று நினைக்கிறேன், அவர்களை நேரில் கேட்காமல் உறுதியாகச் சொல்ல முடியாது, நீங்கள் ஒரு தடவை கேட்டுப் பாருங்கள். அவள் அதிகாரியிடம் பொய் சொன்னாள், அது அவனுக்காக. சரி. ஆனால் அவனிடமும்தானே பொய் சொன்னாள்? அவன் நம்பிக் கொடுத்த கதைகளை ஒரு கார்பன் அதிகமாக வைத்துத் தட்டச்சு செய்து நகலை அனுப்பினாள். அவனுக்கு அது கடைசிவரை தெரியாது, கடைசி அத்தியாயத்தில் நீங்களே அவளை மன்னித்து, இலங்கையின் தலைமன்னார்ப் பக்கத்து வானத்தைப் பார்க்க வைத்து முடித்துவிட்டீர்கள் என்று உங்கள் கதைச்சுருக்கத்தில் இருந்து தெரிகிறது. மன்னிக்க வேண்டியவன் அவன் அல்லவா? வாசகர் தனக்காகக் கோபப்படவில்லை, அவனுக்காகக் கோபப்பட்டிருக்கிறார்.

புஹோலின் வாழ்க்கையில் இதற்கும் ஒரு பக்கம் இருக்கிறது, அதை வாசித்த அன்று எனக்கு மனது சரியில்லாமல் போயிற்று. அவருடைய மனைவி அராசெலி லண்டனில் தனிமையில் வாடினார், ஊருக்குப் போக வேண்டும் என்றார், பிரிட்டிஷ் உளவுத்துறை விடவில்லை. 1943-ல் ஒரு நாள், விடாவிட்டால் ஸ்பெயின் தூதரகத்துக்குப் போய் எல்லாவற்றையும் சொல்லிவிடுவேன் என்று சண்டை போட்டார். அப்போது என்ன செய்தார்கள் தெரியுமா? உன்னால்தான் உன் கணவரைக் கைது செய்துவிட்டோம் என்று அவரை நம்பவைத்து, சிறைக்கு அழைத்துப்போய், கைதி உடையில் கணவரைக் காட்டினார்கள். அராசெலி அழுது மன்னிப்புக் கேட்டார். அந்த நாடகத்தைத் திட்டமிட்டவர் அவருடைய கணவரேதான். ஜெர்மானியர்மேல் பிரயோகித்த அதே கலையை வீட்டுக்குள் கொண்டுவந்துவிட்டார். போருக்குப் பிறகு புஹோல் 1949-ல் ஆப்பிரிக்காவில் மலேரியாவில் இறந்துவிட்டதாகத் தன் சாவையே புனைந்துகொண்டு வெனிசுவேலாவில் வாழ்ந்தார், 1984-ல்தான் வெளியே வந்தார். நாட்டைக் காப்பாற்றிய பொய்யும் மனைவியை உடைத்த பொய்யும் ஒரே கையெழுத்தில் இருக்கின்றன. உங்கள் கதாநாயகிக்கும் இந்த இரண்டாவது பொய் இருக்கிறது, அதைப் பார்க்காமல் தாண்டாதீர்கள்.

அவனுக்கு எப்படித் தெரியவரும் என்றால், பெரிய திருப்பம் எதுவும் வேண்டாம், தட்டச்சு நிலையமே போதும். நான் படித்த காலத்தில் ராமநாதபுரத்தில் ஒரு நிலையத்தில் தட்டச்சுத் தேர்வில் லோயர், ஹையர் இரண்டும் முடித்தவன், அந்த அறையின் வாடை இன்னும் மூக்கில் இருக்கிறது, ரிப்பன் மையும் இயந்திர எண்ணெயும் கலந்த வாடை. புதுக் கார்பன் தாளை ஒரே ஒரு தடவை உபயோகித்துவிட்டு வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தால் அடித்தது வரி வரியாகத் தெரியும். பழைய தாளில் எழுத்துமேல் எழுத்து விழுந்து ஒன்றும் புரியாது. அதனால் ரகசியம் காக்க நினைப்பவள் பழைய கார்பனைத்தான் எடுப்பாள், ஆனால் அதில் நகல் மங்கலாக விழும், அதிகாரி தெளிவாக வேண்டும் என்பார். அப்புறம் ஒவ்வொரு இயந்திரத்துக்கும் ஒரு குறை இருக்கும், ஓர் எழுத்து கொஞ்சம் மேலே தூக்கி விழும், ஒன்றின் சுழி அடைத்துக்கொண்டிருக்கும், பழகியவர்கள் தாளைப் பார்த்தே எந்த இயந்திரம் என்று சொல்லிவிடுவார்கள். தன் கதைகளின் ஒவ்வொரு தாளிலும் 'ழ' ஒரு மயிரிழை மேலே நிற்பதைப் பார்த்துப் பழகியவன், வேறு ஏதோ ஒரு விசாரணையில் மேஜைமேல் கிடக்கும் அறிக்கையில் அதே 'ழ'வைப் பார்த்தால் போதும். அவன் ஒன்றும் சொல்ல வேண்டியதில்லை. மறுநாள் வந்து வழக்கம்போல ஒரு கதையைக் கொடுக்கட்டும். அந்தக் கதையில் என்ன இருக்கிறது என்பதுதான் உங்கள் நாவலின் மிக முக்கியமான பக்கமாக இருக்கும்.

எழுத்தைப் பற்றிய நாவல் என்று நீங்கள் சொல்வதால் இதையும் சொல்ல வேண்டும். அவள் அனுப்பும் அறிக்கையில் பெரும்பகுதி என்னவாக இருக்கும் என்று நினைக்கிறீர்கள்? அவன் கதைகளுக்கு விளக்கம்! கதையில் ஒரு படகு வந்தால் அதிகாரி அது எந்தப் படகு, யாருடையது, எங்கே கட்டியிருக்கிறது என்று கேட்பார். அது படகு இல்லை ஐயா, அவன் அம்மாவைப் பற்றி எழுதியிருக்கிறான் என்று அவள் புரியவைக்க வேண்டும். அதற்காக அவள் ஒவ்வொரு வரியையும் பத்துத் தடவை வாசிப்பாள், அவனை அவ்வளவு உன்னிப்பாக வாசித்தவர்கள் வேறு யாரும் இருக்க மாட்டார்கள். காதல் அங்கேதான் பிறக்க வேண்டும், இப்போது நீங்கள் எழுதியிருக்கும் மழை நாளில் குடைக்குக் கீழே இல்லை. கண்காணிப்பதும் அன்போடு வாசிப்பதும் வெளியில் இருந்து பார்த்தால் ஒன்றுபோலவே இருக்கும்.

எழுதுகிறவனை ஒற்றன் என்று சந்தேகிப்பதும் நமக்குப் புதிதில்லை. புறநானூற்றின் 47-ஆம் பாட்டு இருக்கிறதே, சோழன் நலங்கிள்ளியிடமிருந்து உறையூருக்கு வந்த இளந்தத்தன் என்ற புலவனை ஒற்றன் என்று எண்ணி, நலங்கிள்ளியோடு பகையில் இருந்த நெடுங்கிள்ளி கொல்லப் புகுந்தபோது கோவூர்கிழார் பாடிக் காப்பாற்றியது என்று அதன் அடிக்குறிப்பு சொல்கிறது. இதில் ஒன்றைப் பிரித்துச் சொல்லிவிடுகிறேன், மாணவர்களிடமும் சொல்வேன். ஒற்றன் என்ற செய்தி குறிப்பில்தான் இருக்கிறது, பாட்டுக்குள் இல்லை, குறிப்புகள் பின்னால் சேர்க்கப்பட்டவை என்று கருதுவோர் உண்டு. பாட்டுக்குள் இருப்பது புலவர்களின் பிழைப்பு மட்டும்தான்: பறவைபோல் நெடுந்தூரம் போய், பாடி, கிடைத்ததைச் சுற்றத்தோடு உண்டு, மிச்சம் வைக்காமல் கொடுத்து வாழ்கிறவர்கள், பிறருக்குத் தீங்கு நினைக்காதவர்கள் என்கிறார் கோவூர்கிழார். அவன் ஒற்றன் இல்லை என்று ஒரு வார்த்தைகூட வாதாடவில்லை, இப்படி வாழ்கிறவனைப் பார் என்கிறார். உங்கள் நாயகியின் கடைசி அறிக்கை இப்படி இருக்கலாம். குற்றச்சாட்டு எதற்கும் பதில் சொல்லாமல், அவன் ஒரு நாள் எப்படிப் போகிறது என்பதை மட்டும், வரிசையில் நின்று அரிசி வாங்குவதில் இருந்து விளக்கை அணைப்பது வரை, ஒரு கற்பனையும் கலக்காமல் எழுதட்டும். அத்தனை பொய் அறிக்கைக்குப் பிறகு வரும் அந்த ஒரு உண்மை அறிக்கையை மேலிடம் நம்பாமல் போகலாம். நம்புவதா வேண்டாமா என்பதை உங்கள் கையில் விட்டுவிடுகிறேன், எனக்கே இரண்டு மனதாக இருக்கிறது.

எல்லாம் பொய் என்று அறிவிக்கும் இப்போதைய கடைசி அத்தியாயத்தை எடுத்துவிடலாம் என்பது என் ருசி சார்ந்த கருத்து, விதி இல்லை. உண்மையைப் பாதி நாவலிலேயே வாசகருக்குக் கசியவிட்டால், மீதிப் பாதியை அவர் அவளோடு சேர்ந்து பயந்துகொண்டே வாசிப்பார். எப்போது பிடிபடுவாள் என்ற பயம், கடைசியில் வரும் ஒரு திடுக்கிடலைவிட நீண்ட நேரம் நிற்கும்.

இன்னொன்று, இதைக் கொஞ்சம் அழுத்திச் சொல்கிறேன். மண்டபம் முகாம் வெள்ளைக்காரர் காலத்தில் இலங்கைத் தோட்டங்களுக்குப் போன தொழிலாளர்களை நிறுத்திவைத்துச் சோதித்த இடம். 1983 ஜூலைக் கலவரத்துக்குப் பிறகு அக்கரையில் இருந்து உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தவர்கள் அங்கேதான் பெயர் பதிந்தார்கள். அவர்களில் பலர் இன்னும் நம்மோடு இருக்கிறார்கள். அவர்களில் யாராவது உங்கள் நாவலை வாசித்து, பக்கத்துக் குடிசைக்காரர் நம்மைப் பற்றி எழுதிக் கொடுத்தாரோ என்று இத்தனை வருடம் கழித்து ஒருவரை ஒருவர் சந்தேகிக்கும்படி ஆகிவிடக் கூடாது. நிஜ மனிதர்களின் சாயல் தெரிகிற எதையும், ஊன்றுகோல், தழும்பு, கடையின் பெயர் எதுவானாலும், மாற்றிவிடுங்கள். கடலையும் காற்றையும் பாலத்தையும் மட்டும் உள்ளபடியே வையுங்கள்.

1986-ல் மண்டபத்திலிருந்து தீவுக்கு ரயிலில் தினமும் போய்வந்த மீன் வியாபாரிகள், ஆசிரியர்கள் நிறையப் பேர் பாம்பனிலும் தங்கச்சிமடத்திலும் இருக்கிறார்கள். எந்த ரயில் எத்தனை மணிக்கு, காற்று வேகம் கூடினால் பாலத்துக்கு இந்தப் பக்கம் எவ்வளவு நேரம் நிறுத்தி வைப்பார்கள் என்று அவர்களிடம் உட்கார்ந்து கேளுங்கள். நான்காவது அறிக்கையைத் தவிர மற்ற எல்லா அறிக்கையிலும் அந்த நேரங்கள் சரியாக இருக்க வேண்டும்.